இங்கிலிஷ் 1301, 1302: பரீட்சை எழுதித் தாண்டிவிடலாமா?

கடிதம், சுருக்கமாக

டெக்சஸில், ஹூஸ்டனை ஒட்டிய ஒரு புறநகரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் பெயர், பள்ளி, பல்கலைக்கழகம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

மகள் எட்டாம் வகுப்பு வரை மதுரையில் படித்தவள். அப்பாவுக்கு வேலை மாறியதால் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தாள். அடுத்த மாதம் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் பயாலஜி சேர்கிறாள், ஆசை மருத்துவம். அங்கே எல்லோரும் கட்டாயம் முடிக்க வேண்டிய இரண்டு எழுத்துப் பாடங்கள் இருக்கின்றன: இங்கிலிஷ் 1301, 1302. பதினொன்றாம் வகுப்பில் ஏபி (பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடத்துக்கு எழுதும் தேர்வு) இங்கிலிஷ் லாங்குவேஜில் 3 வாங்கியிருக்கிறாள். 3 எல்லாம் ஒரு மதிப்பெண்ணா என்று நினைத்து அந்த ஸ்கோரை இதுவரை அனுப்பவில்லை. டிஎஸ்ஐ என்ற தகுதித் தேர்வில் தேறிவிட்டாள், அதனால் 1301 தானாகவே முடிந்துவிட்டது என்கிறார் ஒரு குடும்ப நண்பர். அவருடைய பையன் கிளெப் (வகுப்புக்குப் போகாமலே பாடத்தைத் தாண்ட உதவும் தேர்வு) எழுதி இரண்டு பாடத்தையும் ஒரே காலையில் முடித்துவிட்டானாம். கணவரோ, "டாக்டராகப் போகிற பெண்ணுக்குக் கட்டுரை வகுப்பு எதற்கு, காசும் மிச்சம், ஜிபிஏவும் (கிரேடுகளின் சராசரி) தப்பிக்கும், கல்லூரி திறப்பதற்குள் கிளெப் எழுதட்டும்" என்கிறார்.

மகளும் சரி என்கிறாள், ஆனால் அவள் காரணம் வேறு. பன்னிரண்டாம் வகுப்பில் அவள் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையில் மூன்று பத்திகள் இணையத்தில் இருந்ததை ஒட்டியே இருக்கின்றன என்று ஆசிரியர் கண்டுபிடித்து, பூஜ்யம் போட்டு, பெற்றோரையும் அழைத்துப் பேசியிருக்கிறார். அன்றிலிருந்து ஆங்கிலக் கட்டுரை என்றாலே பயம். "அவள் காப்பி அடிக்கவில்லை, படித்துப் புரிந்துகொண்டு வார்த்தைகளை மாற்றித்தான் எழுதினாள், இதைக்கூட அந்த ஆசிரியருக்குப் புரிய வைக்க முடியவில்லை" என்று எழுதியிருக்கிறார் அந்தத் தாய். கடைசியாக ஒரு கேள்வி: மகளுடைய கல்லூரிக் கணக்கில் நானே நுழைந்து இந்த வேலைகளை முடித்துவிடலாமா?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான்கைந்து கேள்விகள் இருக்கின்றன. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது நீங்கள் கேள்வியாகவே கேட்காமல் போகிற போக்கில் சொன்ன அந்தப் பூஜ்யம்தான். கல்லூரி மாணவர்களுக்குப் பாடத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். 1302-ஐத் தேர்வெழுதித் தாண்டலாமா என்ற கேள்விக்கு உங்கள் மகள் விஷயத்தில் விடை அந்தப் பூஜ்யத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் நண்பர் குழப்பிவிட்டதைச் சரிசெய்துவிடுவோம்.

டிஎஸ்ஐ வேறு, விலக்கு வேறு, கிரெடிட் வேறு

டிஎஸ்ஐ என்பது டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் சேருகிறவர்கள் கல்லூரிப் பாடத்துக்குத் தயாரா என்று பார்க்கிற தேர்வு. ஆங்கிலப் பகுதியில் 945-உம் கட்டுரைக்கு 5-உம் வாங்கினால் 'தயார்' என்று பொருள். அதாவது உங்கள் மகள் 1301 வகுப்பில் உட்காரலாம், அதற்கு முந்தைய துணை வகுப்பு எதுவும் தேவையில்லை, அவ்வளவுதான். பாடம் முடிந்ததாக அர்த்தமில்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும் இந்தத் தவறான நம்பிக்கையோடு யாராவது வந்து நிற்கிறார்கள்.

விலக்கு என்பது, 'இந்தப் பாடத்தை நீ எடுக்க வேண்டாம்' என்று கல்லூரி சொல்வது. ஆனால் அந்த மூன்று மணி நேரக் கிரெடிட் (வாரத்துக்கு எத்தனை மணி நேர வகுப்பு என்பதை வைத்துப் பட்டத்துக்குச் சேர்க்கும் அளவு) கணக்கில் ஏறாது, அதற்குப் பதில் வேறொரு பாடம் எடுத்துத்தான் பட்டத்துக்கான மொத்த எண்ணிக்கையை நிரப்ப வேண்டும். மூன்றாவதுதான் கிரெடிட்: பாடத்தின் எண்ணும் மணி நேரமும் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது கல்லூரியின் மதிப்பெண் பதிவில், அச்சாகி வருவது. டெக்சஸில் இந்த எண்களுக்குப் பொதுவான முறை ஒன்று உண்டு. 1301 என்றால் முதல் 1 முதலாண்டுப் பாடம் என்பதைக் குறிக்கும், அடுத்த 3 அதற்கு எத்தனை கிரெடிட் என்பதைக் குறிக்கும். இந்த எண் டிரான்ஸ்கிரிப்டில் இருந்தால் மாநிலத்தில் இன்னொரு அரசுக் கல்லூரிக்கு மாறினாலும் கூடவே வரும். மருத்துவப் படிப்பை நினைத்திருக்கிற உங்கள் மகளுக்கு வேண்டியது இந்த மூன்றாவதுதான். விலக்கை வைத்துக்கொண்டு அவளால் ஒன்றும் செய்ய முடியாது.

அந்த 3-ஐ உடனே அனுப்புங்கள்

ஏபி மதிப்பெண் 1 முதல் 5 வரை. அதில் 3 என்றால் 'தகுதி பெற்றவர்' என்று தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு என்ற அமைப்பே சொல்கிறது. அதைவிட முக்கியம், டெக்சஸில் 2015-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: முதலிரண்டு ஆண்டுப் பாடங்களுக்கு அரசுக் கல்லூரிகள் ஏபியில் 3-க்கு மேல் கேட்கக் கூடாது, கேட்பதாக இருந்தால் 3 வாங்கியவர்கள் அடுத்த பாடத்தில் திணறுகிறார்கள் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். எந்தத் தேர்வுக்கு எந்தப் பாடத்தின் கிரெடிட் தருகிறோம் என்ற பட்டியலையும் கல்லூரிகள் வெளியிட்டாக வேண்டும். உங்கள் மகள் சேரும் பல்கலைக்கழகத்தின் பெயரோடு 'ஏபி கிரெடிட்' என்று தேடினாலே அட்டவணை வந்துவிடும். ஏபி லாங்குவேஜில் 3 என்றால் இங்கிலிஷ் 1301 என்று இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆனாலும் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஸ்கோர் தானாகப் போய்ச் சேராது. தேர்வெழுதிய ஆண்டில் ஒரு கல்லூரிக்கு இலவசமாக அனுப்பும் வாய்ப்பு தவறிப்போயிருக்கும், பரவாயில்லை, காலேஜ் போர்டு தளத்தில் சிறு கட்டணம் கட்டி இப்போதே அனுப்பலாம். போய்ச் சேர்ந்தாலும் வேலை முடியாத இடங்கள் உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் மாதிரிச் சில இடங்களில் மாணவரே தன் கல்லூரிக் கணக்குக்குள் போய், 'இந்தக் கிரெடிட் எனக்கு வேண்டும்' என்று கோர வேண்டும். நான்காம் ஆண்டில் வந்து "எனக்கு ஏபி கிரெடிட் இருக்குமே, ஏன் காணோம்?" என்று கேட்கிற பிள்ளைகளைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

இன்னொன்று. அந்தத் தேர்வில் உங்கள் மகள் இரண்டே கால் மணி நேரத்தில் மூன்று கட்டுரை எழுதியிருக்கிறாள். அதில் ஒன்று, கொடுத்த ஆதாரங்களைப் படித்து அவற்றைக் காட்டி வாதம் செய்யும் கட்டுரை. அவளை அறியாத ஆசிரியர்கள் அதைப் படித்துத் தேர்ச்சி கொடுத்திருக்கிறார்கள். தனக்கு எழுதவே வராது என்று இன்று நம்பிக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

கிளெப்: என்ன தேர்வு, எங்கே இடிக்கும்

கிளெப்பும் காலேஜ் போர்டு நடத்துவதுதான், 1967-இலிருந்து இருக்கிறது. கட்டணம் ஏறக்குறைய 100 டாலர், அதோடு தேர்வு மையம் தனியாக ஏதாவது வாங்கும். எழுத்துப் பாடத்துக்கு இரண்டு வகை உண்டு, பேர் கிட்டத்தட்ட ஒன்றேதான் என்பதால் பலர் மாற்றிப் பதிவு செய்துவிடுகிறார்கள். 'காலேஜ் காம்போசிஷன்' என்பதில் 55 நிமிடத்தில் 50 கொள்குறி வினா, பிறகு 70 நிமிடத்தில் இரண்டு கட்டுரை: முதலாவது 30 நிமிடம், சொந்த அனுபவம், வாசிப்பு இவற்றை வைத்து, இரண்டாவது 40 நிமிடம், கொடுத்திருக்கும் இரண்டு ஆதாரங்களைப் படித்து மேற்கோள் காட்டி. 'காலேஜ் காம்போசிஷன் மாடுலர்' என்பதில் 95 நிமிடத்தில் 90 கொள்குறி வினா, கட்டுரை உண்டா இல்லையா என்பது கல்லூரியைப் பொறுத்தது. மாடுலரை ஏற்காத கல்லூரிகள் நிறைய. மதிப்பெண் 20 முதல் 80 வரை, 50 வாங்கினால் கிரெடிட் தரலாம் என்பது பொதுவான பரிந்துரை. தவறிவிட்டால் அதே தேர்வை மறுபடி எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

இதில் உங்களுக்கு இடிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. கிளெப் காம்போசிஷனுக்கு 1301, 1302 இரண்டுக்கும் சேர்த்து ஆறு கிரெடிட் தருகிற கல்லூரிகள் உண்டு, 1301-க்கு மட்டும் தருகிறவையும் உண்டு. உங்கள் நண்பர் பையன் படித்த இடம் முதல் வகையாக இருந்திருக்கும். உங்கள் மகள் சேரும் இடம் இரண்டாம் வகை என்றால், கஷ்டப்பட்டு கிளெப் எழுதி அவள் வாங்குவது ஏபி மூலம் ஏற்கெனவே கையில் இருக்கிற அதே 1301-ஐத்தான். ஒரே பாடத்துக்கு இரண்டு முறை கிரெடிட் கிடையாது. பணமும் ஒரு மாதப் படிப்பும் வீண். அட்டவணையைப் பார்க்காமல் கிளெப்புக்குப் பதிவு செய்யவே செய்யாதீர்கள்.

உங்கள் கணவரின் கணக்கு

காசு மிச்சமாகும் என்பது பாதி உண்மை. பல பல்கலைக்கழகங்களில் 12 கிரெடிட்டுக்கு மேல் எத்தனை எடுத்தாலும் செமஸ்டருக்கு ஒரே கட்டணம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பாடத்தைக் குறைத்தால் பில்லில் ஒரு டாலர்கூடக் குறையாது, ஒரு முழு செமஸ்டர் முன்னதாகப் பட்டம் வாங்கினால் மட்டுமே மிச்சம். கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் இடமாக இருந்தால் அவர் சொல்வது சரி. பல்கலைக்கழகத் தளத்தில் கட்டணப் பக்கத்தைத் திறந்து எந்த வகை என்று பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

ஜிபிஏ தப்பிக்கும் என்பதும் அப்படித்தான். தேர்வெழுதி வாங்கிய கிரெடிட்டுக்கு கிரேடு கிடையாது, அது ஜிபிஏவைக் கெடுக்காது, ஏற்றவும் ஏற்றாது. முதலாண்டில் கெமிஸ்ட்ரியும் பயாலஜியும் முன்னூறு பேர் உட்காரும் அரங்கில் நடந்துகொண்டிருக்கும்போது, ஒழுங்காக டிராஃப்ட் (கட்டுரையின் வரைவு) கொடுத்து, சொன்ன திருத்தத்தைச் செய்து, நேரத்துக்கு ஒப்படைத்தால் நல்ல கிரேடு வரக்கூடிய பாடம் எழுத்துப் பாடம்தான்.

மருத்துவக் கல்லூரி விஷயத்துக்கு வருவோம். டெக்சஸ் மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் 6 கிரெடிட் கேட்கின்றன. பாடத்தின் எண்ணும் மணி நேரமும் டிரான்ஸ்கிரிப்டில் இருந்தால் ஏபி வழியாக வந்ததையும் இங்கே ஏற்றுக்கொள்கிறார்கள். மாநிலத்துக்கு வெளியே நிலைமை ஆளுக்கு ஆள் வேறு. சில கல்லூரிகள் ஏபி, கிளெப் கிரெடிட்டை முன்தகுதியாக எடுத்துக்கொள்வதே இல்லை, சில இடங்களில் அதற்கு மேல் ஒரு எழுத்துப் பாடமாவது வகுப்பில் படித்திருக்க வேண்டும் என்பார்கள். இரண்டையும் தேர்விலேயே தாண்டிவிட்டால் நான்கு வருடம் கழித்து விண்ணப்பிக்கும்போது சில கதவுகள் சாத்தியிருக்கலாம். ஒன்றை வகுப்பில் படித்திருந்தால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

டாக்டருக்குக் கட்டுரை எதற்கு என்று கேட்கிறாரே, அவரிடம் இதைச் சொல்லுங்கள்: எம்கேட் என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் நான்கில் ஒரு பகுதி முழுக்க வாசிப்புதான். 90 நிமிடம், 53 கேள்வி, இலக்கியம், தத்துவம், சமூகம் என்று அவள் பார்த்தே இராத பத்திகளைக் கொடுத்து, எழுதியவர் என்ன வாதம் செய்கிறார், எங்கே நழுவுகிறார் என்று கேட்பார்கள். பயாலஜி மனப்பாடம் அங்கே உதவாது. அப்புறம் விண்ணப்பத்தில் ஏன் மருத்துவம் என்று தன் கையால் எழுத வேண்டிய கட்டுரை வேறு இருக்கிறது.

அந்தப் பூஜ்யம்

உங்கள் மகள் திருடவில்லை என்று நீங்கள் சொல்வதை நான் முழுசாக நம்புகிறேன். அதே சமயம் அந்த ஆசிரியர் கண்டதும் பொய்யில்லை என்றே நினைக்கிறேன். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்று விளக்குகிறேன், ஏனென்றால் நம் ஊர்ப் பள்ளியில் படித்து வந்த எத்தனையோ பிள்ளைகள் இதே இடத்தில்தான் அடிபடுகிறார்கள்.

நம்மிடம் கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் உட்தலைப்புகள், நோட்ஸில் இருப்பதை வரி பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண். நன்றாக எழுதியிருப்பதை நன்றாக நினைவு வைத்து எழுதுவது அங்கே திறமை. அமெரிக்கக் கல்லூரியில் ஆய்வுக் கட்டுரை வேறு ஜாதி. அங்கே கேட்பது, இவர் இப்படிச் சொல்கிறார், அவர் அப்படிச் சொல்கிறார், இருவரையும் படித்த பிறகு நீ என்ன சொல்கிறாய் என்பது. யாருடைய சொல் எங்கே முடிந்து உன் சொல் எங்கே தொடங்குகிறது என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிய வேண்டும்.

ஒரு எடுத்துக்காட்டு தருகிறேன், நானே அமைத்ததுதான். மூலத்தில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: "இரவில் நெடுநேரம் விழித்திருக்கும் பதின்பருவத்தினருக்குக் கவனச் சிதறலும் நினைவாற்றல் குறைவும் அதிகமாகக் காணப்படுகின்றன." மாணவி எழுதுகிறாள்: "இரவில் அதிக நேரம் கண்விழிக்கும் இளம் வயதினரிடம் கவனக் குறைவும் ஞாபக மறதியும் கூடுதலாக உள்ளன." ஒவ்வொரு சொல்லாக மாற்றியாகிவிட்டது, வாக்கியத்தின் எலும்பு அப்படியே இருக்கிறது, யார் சொன்னது என்பதும் இல்லை. படித்துப் புரிந்துகொண்டு வார்த்தைகளை மாற்றித்தான் எழுதினாள் என்று நீங்கள் சொன்னது இதுவாகத்தான் இருக்கும். மூலத்தை மூடி வைத்துவிட்டு எழுதினால் வேறு மாதிரி வரும்: "இன்னார் செய்த ஆய்வு தூக்கம் கெட்ட பிள்ளைகளின் மறதியைக் காட்டுகிறது. ஆனால் அவர்கள் ஏன் விழித்திருந்தார்கள் என்று அது கேட்கவில்லை. காலை ஏழரை மணிக்குப் பள்ளி என்றால் பத்து மணிக்குப் படுத்த பிள்ளைக்கும் தூக்கம் போதாது. என் கேள்வி அங்கிருந்து தொடங்குகிறது." இங்கே மூலமும் இருக்கிறது, அவளும் இருக்கிறாள்.

அந்த நடுவில் உள்ள வகைக்கு 'பேட்ச்ரைட்டிங்' என்று ரெபேக்கா மூர் ஹோவர்ட் என்ற எழுத்துக் கல்வி ஆய்வாளர் 1990-களின் தொடக்கத்தில் பெயர் வைத்தார். பழக்கமில்லாத துறையில், பழக்கமில்லாத நடையில் எழுதப் பழகுகிறவர்கள் கடந்து போகிற ஒரு படி அது, அதைத் திருட்டு என்று தண்டிப்பதைவிடக் கற்றுக்கொடுத்துத் தாண்ட வைக்க வேண்டும் என்பது அவர் வாதம். உங்கள் மகளுக்குப் பள்ளியில் நடந்தது தண்டனை மட்டும். கற்றுக்கொடுக்க யாரும் உட்காரவில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1302 என்ற பாடமே இதைக் கற்றுக்கொடுக்கத்தான் இருக்கிறது. அந்த செமஸ்டரில் பொதுவாக ஒரு பெரிய ஆய்வுக் கட்டுரை இருக்கும், அதைப் படிப்படியாக வாங்குவார்கள்: முதலில் என்ன எழுதப் போகிறேன் என்று ஒரு பக்கம், அப்புறம் படிக்கும் ஆதாரங்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் கீழே அது என்ன சொல்கிறது, எனக்கு எப்படி உதவும் என்று ஒரு பத்தி, பிறகு முதல் டிராஃப்ட், சக மாணவர்கள் படித்துக் கருத்துச் சொல்வது, ஆசிரியரோடு தனியாக உட்கார்ந்து பேசுவது, திருத்திய டிராஃப்ட். தவறு டிராஃப்டில் இருந்தால் ஓரத்தில் ஒரு கேள்வி வரும், உடனே பூஜ்யம் வராது. இப்படிப்பட்ட வகுப்பில் 20 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, 15 இருந்தால் நல்லது என்பது அமெரிக்கக் கல்லூரி எழுத்து ஆசிரியர் அமைப்பின் பரிந்துரை. நடைமுறையில் கொஞ்சம் கூடலாம், இருந்தாலும் முதலாண்டில் ஆசிரியருக்கு உங்கள் மகளின் பெயர் தெரிகிற ஒரே வகுப்பு இதுவாகக்கூட இருக்கும்.

இதைத் தாண்டிவிட்டால் என்ன ஆகும்? அடுத்த ஆண்டு பயாலஜியில் ஆய்வக அறிக்கை, மூன்றாம் ஆண்டில் ஆய்வுச் சுருக்கம். அங்கே மூலத்தைக் கையாளத் தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்குவார்கள். அங்கே அதே பேட்ச்ரைட்டிங் வந்தால் அது பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவுக்குப் போகும், பதிவாகும். மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் கல்லூரியில் உங்கள்மேல் நடவடிக்கை எடுத்ததுண்டா என்று கேட்கிறார்கள். 40 நிமிடத்தில் இரண்டு ஆதாரங்களை வைத்து எழுதும் கிளெப் கட்டுரையில் அவள் தேறிவிடக்கூடும். அந்தத் தேர்ச்சி இந்த ஆபத்தை ஒரு துளியும் குறைக்காது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்து வாக்கியத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதையும் கேட்க வேண்டாம், அது இதே குழியைப் பெரிதாக்கும்.

ஆகவே நான் சொல்வது இது: 1301-ஐ ஏபி மூலம் எடுத்துக்கொள்ளட்டும், அது அவள் உழைத்து வாங்கியது. 1302-ஐ வகுப்பில் உட்கார்ந்து படிக்கட்டும், முடிந்தால் முதல் செமஸ்டரிலேயே. கோடையில் கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) மலிவாக முடிக்கலாமே என்று அடுத்து தோன்றும். அதே எண்ணில் கிரெடிட் மாறி வரும் என்பது உண்மைதான், ஆனால் ஐந்து வாரத்துக்குள் அடைத்து நடத்தும் வகுப்பில் டிராஃப்டுக்கும் திருத்தத்துக்கும் நேரம் ஏது? இவளுக்கு வேண்டியதே அந்த நேரம்தான். அதில் வாங்கும் கிரேடும் மருத்துவக் கல்லூரி கணக்கிடும் ஜிபிஏவில் சேரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பயந்த பிள்ளையை வகுப்பில் தள்ளுவது சரியா என்று நீங்கள் கேட்கலாம். தள்ள வேண்டாம், துணையோடு அனுப்புவோம். அநேகமாக எல்லாப் பல்கலைக்கழகத்திலும் ரைட்டிங் சென்டர் என்று ஒன்று இருக்கிறது, இலவசம். டிராஃப்டோடு போனால் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் பேசுவார். நன்றாக எழுதுகிறவர்களும் போகிற இடம்தான் அது. முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு நேரம் பதிவு செய்துகொள்ளட்டும். முதல் வாரத்தில், மாணவர்களைச் சந்திக்க ஆசிரியர் ஒதுக்கியிருக்கும் 'ஆஃபீஸ் அவர்ஸ்' நேரத்தில் போய், "மூலங்களை எப்படிப் பயன்படுத்துவது என்பதில் எனக்கு முன்னால் ஒரு சிக்கல் வந்தது, அதைச் சரியாகக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்" என்று சொல்லட்டும். இதைக் கேட்டு முகம் சுளிக்கிற எழுத்து ஆசிரியரை நான் பார்த்ததில்லை. அப்படியும் சரிவரவில்லை என்றால் பாடத்தை டிராப் செய்யலாம், அதாவது பாதியில் விட்டுவிடலாம். ஆனால் டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் பட்டப் படிப்பு முழுவதற்கும் ஆறு டிராப்தான் என்று சட்டம் இருப்பதால் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளட்டும்.

அவளுக்கு ஒரு பழைய செய்தியும் சொல்லுங்கள். 1874-இல் ஹார்வர்டில் சேர வந்தவர்களுக்கு ஆங்கிலக் கட்டுரைத் தேர்வு வைத்தார்கள். பாதிக்கு மேல் தேறவில்லை. அத்தனை பேரும் நல்ல பள்ளிகளில் ஆங்கிலத்திலேயே வளர்ந்த பையன்கள். அதன் தொடர்ச்சியாக 1885-இல் முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டாய எழுத்துப் பாடம் வந்தது, மற்ற கல்லூரிகளும் பின்னால் வந்தன. இன்றைக்கும் ஹார்வர்டிலும் பிரின்ஸ்டனிலும் ஏபியில் 5 வாங்கியிருந்தாலும் முதலாண்டு எழுத்து வகுப்பிலிருந்து விலக்கு கிடையாது. கல்லூரி எழுத்து யாருக்கும் பிறவியில் வருவதில்லை, மதுரையிலிருந்து வந்ததால் அவளுக்கு மட்டும் குறை என்று அவள் நினைக்க வேண்டியதில்லை.

அவள் கணக்கில் நீங்கள் நுழையலாமா?

வேண்டாம். ஃபெர்பா என்று 1974-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இருக்கிறது. பள்ளி வரை பிள்ளையின் கல்விப் பதிவுகள்மீது பெற்றோருக்கு இருக்கும் உரிமை, கல்லூரியில் சேர்ந்ததும் மாணவருக்கே போய்விடும், வயது 18 ஆகாவிட்டாலும்கூட. அவள் எழுத்தில் ஒப்புதல் கொடுத்தால் கல்லூரியில் இருக்கும் நாங்கள் உங்களோடு பேசுவோம், இல்லையென்றால் பணம் கட்டுகிறவர் நீங்களே என்றாலும் பெரும்பாலும் பேச மாட்டோம். அவள் கடவுச்சொல்லில் நீங்கள் நுழைவதைப் பல்கலைக்கழக விதிகளும் பொதுவாக அனுமதிப்பதில்லை. விதியை விடுங்கள், எழுத்து வகுப்பைக் கண்டு பயப்படுகிற பெண்ணுக்கு அம்மாவே மின்னஞ்சலும் எழுதிக் கொடுத்தால் பயம் இன்னும் கூடும். பக்கத்தில் உட்காருங்கள், தட்டச்சு செய்வது அவளாக இருக்கட்டும். பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் கல்லூரி அட்வைசரிடம் அவள் கேட்க வேண்டியது இவ்வளவுதான்:

"வணக்கம். நான் இந்த ஆகஸ்டில் பயாலஜியில் சேர்கிறேன். ஏபி இங்கிலிஷ் லாங்குவேஜில் 3 வாங்கியிருக்கிறேன், ஸ்கோரை இன்று அனுப்பியிருக்கிறேன். இதற்கு இங்கிலிஷ் 1301 கிரெடிட்டாகவே பதிவாகுமா, விலக்கு மட்டுமா? நான் ஏதாவது கோரிக்கை போட வேண்டுமா? முதல் செமஸ்டரிலேயே 1302 எடுக்க விரும்புகிறேன், பதிவாகும் வரை அந்த வகுப்பில் எனக்கு இடம் கிடைக்க என்ன வழி?"

கடைசிக் கேள்வியை விட்டுவிட வேண்டாம். 1302-க்கு 1301 முன்தேவை. ஏபி கிரெடிட் ஏறாத வரை கணினி அவளைப் பதிவு செய்ய விடாது. ஆகஸ்ட் நடுவில் ஸ்கோர் வந்து சேருவதற்குள் நல்ல நேரத்து வகுப்புகள் எல்லாம் நிரம்பிவிடும். காலேஜ் போர்டு தளத்தில் ஸ்கோர் ரிப்போர்ட்டைக் காட்டினால் தற்காலிகமாகப் பதிவைத் திறந்துவிடும் அட்வைசர்கள் இருக்கிறார்கள், ஆனால் கேட்டால்தான் செய்வார்கள். இந்த வாரமே அனுப்பச் சொல்லுங்கள்.